கால் போட்டால் மட்டும் காணாமல் போகும் கேமரா

"தனியா ஓப்பன் பண்ணிப் பாத்தா நல்லாத்தான் வருது தம்பி. மீட்டிங்ல சேந்தா மட்டும் படம் போயிடுது."

ஓசூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஏதாவதொன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் புகார் காதில் விழுந்துவிடும். ஊர் அப்படி. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு, போகிற வழியிலேயே எலக்ட்ரானிக் சிட்டி. வாடகை இந்தப் பக்கம், சம்பளம் அந்தப் பக்கம் என்று குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கே நிறைய. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியபோது, அதுவரை பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும் என்றிருந்த மாநில எல்லை, ஜூஜூவாடியில் நிஜமாகவே குறுக்கே வந்து நின்றது. பக்கத்திலிருக்கும் அத்திப்பள்ளிக்குப் போகக்கூட இ-பாஸ் கேட்டார்கள். ஆபீஸ் சாப்பாட்டு மேஜைக்கு இடம் மாறியது. உலகம் முழுக்கவே கடைகளில் வெப்கேமரா தீர்ந்துபோன மாதங்கள் அவை. கிடைத்ததை வாங்கி, கண்ணில் பட்ட துளையில் சொருகி, அன்று தொடங்கிய பழக்கம் ஊரடங்கு போன பிறகும் போகவில்லை. வேலைக்கான நேர்காணல் வீடியோவில், பிள்ளையின் டியூஷன் வீடியோவில், துபாயிலிருக்கும் தம்பியிடம் பேச்சும் வீடியோவில்.

அதனால் மேலே சொன்ன புகாருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. கடைக்காரர்கள் சிலர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு கேமரா தனியாக வேலை செய்யுமாம், நாலு பேர் முன்னால் செய்யாதாம், வெட்கமா என்ன என்று. ஆனால் அந்த ஒரு வரியில்தான் முக்கால்வாசி விடை இருக்கிறது. தனியாகத் திறக்கும்போது கேமராவிடம் கேட்கப்படும் வேலையும், கால் போடும்போது கேட்கப்படும் வேலையும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரிய, ஒளி உள்ளே நுழையும் இடத்திலிருந்து அதன் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

லென்ஸுக்குப் பின்னால் இருப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் சில்லு. அதில் லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்கள். கட்டத்தில் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடும். எத்தனை விடுபட்டன என்று அளந்தால் அந்த இடத்தின் வெளிச்சம் தெரிந்துவிடும். இந்த வழியில் படத்தைச் சில்லில் பிடிக்கும் கருவியை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 40 ஆண்டுகள் கழித்து, 2009இல், அதற்காக இயற்பியல் நோபல் பரிசு வந்தது. இன்றைய வெப்கேமராவில் இருப்பது அதற்குப் பின்னால் வந்த சீமாஸ் வகை. விண்கலங்களில் கேமராவின் எடையையும் மின்செலவையும் குறைப்பதற்காக, 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழுவினர் வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் அது. வேற்றுக் கிரகங்களைப் பார்க்கச் செய்தது, இப்போது லேப்டாப் மூடியில் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்க்கிறது.

இந்தக் கட்டங்களுக்கு நிறம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு ஒளி என்பது மட்டும்தான். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு வண்ண வடிகட்டியை ஒட்டுகிறார்கள். பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பச்சை மட்டும் ஏன் இரட்டைப் பங்கு? நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கங்களைப் பச்சையை ஒட்டிய பகுதியில்தான் அதிகம் உணர்கிறது. ஆக, ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் அளக்கப்படுவது மூன்று நிறங்களில் ஒன்றுதான். மற்ற இரண்டையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். திரையில் தெரியும் உங்கள் முகத்தின் நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதே வீடியோவில் நடக்கிற காலத்தில் இது தெரிந்திருப்பது நல்லது.

இனிமேல்தான் தொல்லை. இப்படிச் சேர்ந்த எண்களை ஒரு மெல்லிய வயர் வழியே கம்ப்யூட்டருக்குள் அனுப்ப வேண்டும். பழைய 640க்கு 480 அளவுப் படத்தில் 3,07,200 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட், விநாடிக்கு 30 படங்கள் என்று வைத்தால் விநாடிக்கு 18.4 மெகாபைட் ஆகிறது. இன்றைக்கு எல்லோரும் கேட்கும் 1280க்கு 720 அளவில் அதே கணக்கு 55.3 மெகாபைட். 1920க்கு 1080 என்றால் 124 மெகாபைட்டைத் தாண்டிவிடும்.

வயருக்கு எவ்வளவு கொள்ளளவு? யூ.எஸ்.பி. 1996இல் வந்தது, பரோடாவில் படித்து இன்டெல்லுக்குப் போன அஜய் பட் அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். 2000இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பைத்தான் பெரும்பாலான வெப்கேமராக்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆனால் கேமராக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் முறையில் ஒரு தடத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் 24.5 மெகாபைட்தான். 55 மெகாபைட் கேட்டால் முடியாது என்று பதில் வரும், அல்லது விநாடிக்கு 30 படம் 10 ஆகக் குறையும். வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று தெறித்து நிற்கும் முகங்களில் பல இந்த 10இல் சிக்கியவை.

அது என்ன முறை? பென் டிரைவிலிருந்து கோப்பை எடுக்கும்போது ஒரு துண்டு சேதமானால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேரம் ஆனாலும் பரவாயில்லை. கேமராவில் அது சரிப்படாது. அரை விநாடி கழித்து வருகிற பழைய முகத்தால் என்ன பயன்? அதனால் கேமராவுக்கும் மைக்குக்கும் மட்டும் வேறு விதி: போன துண்டு போனதுதான், ஆனால் குறிப்பிட்ட அளவு இடம் ஒவ்வொரு விநாடியும் உனக்கென்று ஒதுக்கப்படும். அந்த இடத்தைக் கேமரா முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுவேதான். மலிவான கேமராக்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உட்காரப்போவது ஒரு இருக்கையில், துண்டு போடுவது மூன்று இருக்கைக்கு. அடுத்து வரும் ஹெட்செட்டுக்கோ இரண்டாவது கேமராவுக்கோ, காலியாகக் கிடந்தாலும் இடம் இல்லை என்று ஆகிவிடும். லினக்ஸின் கேமரா டிரைவரில், இப்படி அதிகமாகக் கேட்கும் கேமராக்களை நம்பாமல் தேவையான இடத்தைத் தானே கணக்கிடுவதற்கென்று ஒரு தனி வசதியே வைத்திருக்கிறார்கள். அந்தளவுக்குப் பரவலான வியாதி.

இப்போது அந்தப் புகாருக்குத் திரும்பலாம். கேமராவைத் தனியாகத் திறக்கும்போது வயரில் வேறு யாரும் இல்லை. கால் போட்ட நொடியில் என்னென்ன நடக்கிறது? கேமராவிலேயே இருக்கும் மைக் விழித்துக்கொண்டு தன் இடத்தைக் கேட்கிறது. யூ.எஸ்.பி. ஹெட்செட்டும் கேட்கிறது. மீட்டிங் செயலி, கேமரா செயலி கேட்ட அளவை விட்டுவிட்டு வேறொரு படஅளவைக் கேட்கிறது. இவை எல்லாமே நான்கு துளை கொண்ட ஒரே ஹப்பில் சொருகியிருந்தால், வெளியே நான்கு வழி தெரிந்தாலும் உள்ளே ஒரே வழிதான். மின்சாரமும் அப்படியே. யூ.எஸ்.பி. 2 துளை ஒன்று நேராகக் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப் தன் துளை ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்பது விதி. படம் பிடிக்கத் தொடங்கியதும் கேமராவின் பசி கூடும், வோல்ட்டேஜ் இறங்கும், கேமரா அணைந்து மறுபடி உயிர் பெறும். அதற்குள் மீட்டிங் செயலி கேமரா இல்லை என்று முடிவு கட்டியிருக்கும்.

"கேமராவ மாத்திடலாமா தம்பி?"

"வேணாம் சார். ஹப்ப எடுத்துட்டு லேப்டாப்லயே நேரா குத்துங்க. ஹெட்செட்ட அந்தப் பக்கத்து போர்ட்ல போடுங்க. அப்பவும் வரலேன்னா எடுத்துட்டு வாங்க."

இந்த யோசனைக்குக் காசு வாங்காத கடைக்காரரை நம்பலாம்.

சில சமயம் தவறு வயரிலும் இல்லை, நடுவே நிற்கும் மென்பொருளில். 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. அதுவரை ஒரு கேமராவை ஒரே நேரத்தில் ஒரு செயலிதான் வைத்துக்கொள்ள முடியும். பல செயலிகள் பகிர்ந்துகொள்ளட்டும் என்று நல்லெண்ணத்தோடு நடுவில் ஒரு விநியோகஸ்தரை வைத்தது மைக்ரோசாஃப்ட். ஆனால் சுருக்கிய படம் இனி செயலிகளுக்கு நேரடியாகக் கிடைக்காது, விரித்த படம்தான் என்று ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. சுருக்கிய படத்தையே நம்பியிருந்த செயலிகளில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேமராக்கள் பேச்சின் நடுவே உறைந்து நின்றன. முந்தைய நாள் வரை வேலை செய்த கேமராவைக் கழற்றி மாட்டி, திட்டி, குப்பையில் போட்டவர்கள் உலகெங்கும் உண்டு. திருத்தம் பிறகு வந்தது. குப்பைக்குப் போன கேமராக்கள் திரும்பி வரவில்லை.

சுருக்கிய படம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். விஷயத்தின் இதயம் அதுதான். அந்த இதயத்துக்கும் ஓசூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

55 மெகாபைட் முகத்தை வயரில் நுழைப்பதே கஷ்டம் என்றால், அதை வீட்டு இன்டர்நெட்டில் எப்படி அனுப்புகிறோம்? ஒரு நல்ல வீடியோ அழைப்பு விநாடிக்கு இரண்டு மூன்று மெகாபிட்டில் முடிந்துவிடுகிறது. அந்த 55 மெகாபைட்டை மெகாபிட்டாக மாற்றினால் 440க்கும் மேல். நூற்றில் ஒரு பங்கு கூட அனுப்பாமல், முழு முகத்தையும் எதிரில் காட்டுகிறோம்.

வழி இது. படத்தை 8க்கு 8 சதுரங்களாக வெட்டு. ஒவ்வொரு சதுரத்திலும் 64 எண்கள். அந்த 64 எண்களை அப்படியே அனுப்பாதே. 64 நிலையான கொசைன் அலை வடிவங்களை எந்தெந்த அளவில் கூட்டினால் இந்தச் சதுரம் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, அந்த அளவுகளை அனுப்பு. கேட்டால், 64 எண்ணுக்குப் பதில் 64 எண், இதில் என்ன லாபம் என்று தோன்றும். கன்னத்தின் மேல் விழும் ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 64 புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே நிறம். அலைகளாகப் பிரித்தால் முதல் எண், அதாவது சராசரி வெளிச்சம், பெரிதாக வரும். அடுத்து ஒன்றிரண்டு எண்களில் கொஞ்சம் சாயல். மீதி அறுபது சொச்சமும் பூஜ்யத்தை ஒட்டி. அவற்றைப் பூஜ்யம் என்றே எழுதிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. "இங்கிருந்து கடைசி வரை பூஜ்யம்" என்று ஒரே குறியில் முடித்துவிடலாம். தலைமுடியோ கட்டம்போட்ட சட்டையோ விழும் சதுரத்தில் இன்னும் சில எண்கள் தேவைப்படும், அவ்வளவுதான். முக்கியமான காலில் கட்டம்போட்ட சட்டை போடாதீர்கள் என்று சொல்வதற்கு அழகுணர்ச்சியைத் தவிர கணிதமும் ஒரு காரணம்.

இந்தக் கொசைன் உருமாற்றத்தைக் கண்டுபிடித்தவர் நசீர் அகமது. 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் படித்து, 1961இல் பட்டம் வாங்கி அமெரிக்கா போனார். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972இல், இந்த யோசனையை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. இந்த யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்து. அகமது விடவில்லை. 1973 கோடை விடுமுறையில், அந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்று தெரிந்தும், மனைவியிடம் பேசி முடிவு செய்து அதிலேயே உட்கார்ந்தார். 1974 ஜனவரியில் கட்டுரை வெளியானது. சில பக்கங்கள்தான். கூட எழுதியவர்கள் இருவர்: அவருடைய மாணவர் டி. நடராஜன், டெக்சாஸில் பேராசிரியராக இருந்த கே.ஆர். ராவ். ராவ் பொறியியல் படித்தது நம் கிண்டிக் கல்லூரியில்.

அந்தச் சில பக்கங்களின் மேல்தான் 1988இன் வீடியோ உரையாடல் தரமான எச்.261 எழும்பியது, 1992இன் ஜேபெக், 2003இன் எச்.264 என்று வரிசையாக எல்லாம் அதன் வழிவந்தவையே. வெப்கேமரா தனக்குள்ளேயே படத்தைச் சுருக்கி வயரில் அனுப்புவதும் இதே கணக்கில்தான். அகமது காப்புரிமை வாங்கவில்லை. ஊரடங்கு ஆண்டான 2020இல், 'திஸ் இஸ் அஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அவரையும் மனைவியையும் கதையில் கொண்டுவந்தபோதுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிய வந்தது. பெங்களூரில் பிறந்தவர் ஒருவர், கிண்டியில் படித்தவர் ஒருவர். இரண்டு ஊரையும் இணைக்கும் சாலை கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தச் சாலையில் போக முடியாமல் வீட்டில் அடைபட்டவர்கள், இவர்கள் போட்ட கணக்கின் வழியே ஆபீஸ் போய் வந்தார்கள். பெங்களூரில் ஒரு தெருவுக்காவது இவர் பெயரை வைத்தால் தகும்.

பேசிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருப்பவர் முகம் சதுரம் சதுரமாகச் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சுருக்கத்தின் தையல்தான். அனுப்ப இடம் குறையும்போது மென்பொருள் ஒவ்வொரு சதுரத்திலும் மேலும் மேலும் எண்களைப் பூஜ்யமாக்குகிறது. கடைசியில் சராசரி வெளிச்சம் மட்டும் மிஞ்ச, சதுரம் ஒரே நிறப் பட்டையாகிவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று அதைப் பார்த்துச் சொல்வது அநியாயம்.

கேமராவின் தலையில் அநியாயமாக விழும் இன்னொரு பழி, முகத்தின் மேல் ஊர்ந்து போகும் கறுப்புப் பட்டைகள். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. இரவில் ட்யூப்லைட் போட்டதும் கிடைமட்டமாக இருட்டுக் கோடுகள், மேலிருந்து கீழாக மெதுவாக. புதுக் கேமரா வாங்கினாலும் அதே கோடுகள். இதில் குற்றவாளி விளக்கும் அல்ல, கேமராவும் அல்ல. இருவருடைய தாளமும் ஒத்துப்போகாததுதான்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் திசை மாறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. வெப்கேமரா சில்லோ முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை; மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக இறங்கி வாசிக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. அங்கே ஒவ்வொரு வரிசைக்கும் 1/60 விநாடி வெளிச்சம் வாங்கினால் கணக்கு நேராக இரண்டு துடிப்பு. எல்லா வரிசைக்கும் சமப் பங்கு. அந்த 1/60ஐ ஓசூருக்குக் கொண்டுவந்தால் ஒரு வரிசைக்கு ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு வரிசை உச்சத்தோடு முடியும், சற்றுக் கீழே உள்ளது மங்கலோடு முடியும். அதுதான் பட்டை. கேமரா அமைப்புகளில் பவர்லைன் ஃப்ரீக்வென்சி என்று ஒரு இடம் இருக்கும். 60 என்றிருப்பதை 50 ஆக மாற்றினால் பட்டை அந்தக் கணமே மறையும். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டிலும் மலிவான எல்.இ.டி. பல்புகளிலும்தான் இது அதிகம். எலக்ட்ரானிக் சோக் விளக்கை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்க வைப்பதால் கேமராவை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

அந்தப் பட்டையை அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் மின்தடத்தின் மூலம் தென்னக மின்தொகுப்பு மற்ற இந்தியாவோடு ஒத்திசைக்கப்பட்டது. அன்று முதல் ஓசூர் ட்யூப்லைட்டும் டெல்லி ட்யூப்லைட்டும் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கின்றன. அது சரியாக 50லேயே நிற்பதும் இல்லை. நாட்டின் மொத்தத் தேவை உற்பத்தியை மிஞ்சினால் கொஞ்சம் இறங்கும், தேவை குறைந்தால் ஏறும், 49.90க்கும் 50.05க்கும் இடையே அதை வைத்திருக்க வேண்டும் என்பது மின்தொகுப்பு விதி. உங்கள் நெற்றியில் பட்டை ஊரும் வேகத்தில், அந்த நேரத்தில் இந்தியா முழுக்க ஓடும் மோட்டார்களின் சுமையும் கலந்திருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒருபோதும் அதே மாதிரி திரும்ப வராததால், ஒலிப்பதிவில் கலந்திருக்கும் மின்சார ரீங்காரத்தை மின்தொகுப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பதிவு எப்போது எடுக்கப்பட்டது, நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் தடயவியல் முறை ஒன்று இருக்கிறது. ருமேனியாவின் கட்டலின் கிரிகோராஸ் அதன் முன்னோடி. வீடியோவில் விளக்கு மினுக்குவதை வைத்தும் அதைச் செய்யலாம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

இந்தத் தாளச் சிக்கல் சிப்காட் ஆலைகளில் இருப்பவர்களுக்குப் புதிதாக இருக்காது. வாகன உதிரிபாகங்களைக் கேமராவால் சோதிக்கும் வரிசைகளில் சாதாரண விளக்கை நம்ப மாட்டார்கள். நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்.இ.டி. வைப்பார்கள், எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் பிடிக்கும் விலை கூடிய சில்லு வைப்பார்கள். மோட்டார் டிரைவ்களும் வெல்டிங்கும் பக்கத்தில் இருந்தால் யூ.எஸ்.பி. வயர் அந்த இரைச்சலை வாங்கிக்கொண்டு படத்தை விட்டுவிடும் என்பதால் வயரையும் யோசித்துத்தான் போடுவார்கள். வீட்டில் நமக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் ஐந்து மீட்டருக்கு மேல் யூ.எஸ்.பி. 2 வயரை நீட்டக் கூடாது என்பதை மட்டுமாவது அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேமரா, வயர், விளக்கு எல்லாம் சரி, ஆனாலும் எதிரில் இருப்பவர் "நீங்க அப்படியே நின்னுட்டீங்க" என்கிறார். அப்போது உங்கள் திரையின் மூலையில் இருக்கும் உங்கள் சொந்த முகத்தைப் பாருங்கள். அது அசைந்துகொண்டிருந்தால் கேமராவுக்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை. படம் வீட்டை விட்டு வெளியேறும்போது சிக்கியிருக்கிறது. அதுவே உறைந்திருந்தால் அல்லது கறுத்திருந்தால் இன்டர்நெட்காரரைத் திட்டுவதில் பயனில்லை. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். ஏனோ யாரும் அதைச் செய்வதில்லை.

படம் ஏன் மெதுவாகாமல் உறைகிறது? மென்பொருள் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தை அனுப்புவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், அதன் பிறகு முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும். நடுவே ஒரு மாற்றம் தொலைந்தால் அடுத்தடுத்த மாற்றங்களை எதன் மேல் பொருத்துவது என்று தெரியாது. அடுத்த முழுப் படம் வரும் வரை கடைசி முகம் அப்படியே நிற்கும், வாய் பாதி திறந்தபடி. குரல் மட்டும் தொடர்ந்து வருவது, குரலுக்கு மிகக் குறைந்த இடம் போதும் என்பதாலும், செயலிகள் இடம் குறைந்தால் முதலில் படத்தைக் கைவிட்டுக் குரலைக் காப்பாற்றுவதாலும்தான். உரையாடலில் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்காகத்தான் தொலைந்ததைத் திரும்பக் கேட்டுக் காத்திருப்பதைவிட விட்டுவிட்டு முன்னே போக விரும்புகிறார்கள்.

இந்த இடத்தில் யாரும் சந்தேகப்படாத ஒரு ஆள் உண்டு: வெளியில் மாட்டிய ஹார்ட் டிஸ்க். யூ.எஸ்.பி. 3 வயரில் தகவல் ஓடும்போது உண்டாகும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது என்று 2012இல் இன்டெல்லே ஒரு அறிக்கை வெளியிட்டது. பழைய வைஃபை ஓடுவதும் அதே பகுதியில்தான். வைஃபை டாங்கிலும் ஹார்ட் டிஸ்க்கும் அருகருகே இருந்தால், பின்னணியில் கோப்பு நகலாகும்போதெல்லாம் வைஃபை திணறும், படம் உறையும். டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். அல்லது ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள்.

மற்றவை சில்லறை. லென்ஸ் மேல் தள்ளுகிற குட்டி மூடி மூடியே இருப்பது. விசைப்பலகையில் கேமராவை அணைக்கும் விசையில் கை தெரியாமல் பட்டிருப்பது. ஒரு முறை வேண்டாம் என்று அழுத்திய அனுமதியை பிரவுசர் ஆயுசுக்கும் நினைவில் வைத்திருப்பது. முந்தைய காலில் திறந்த இன்னொரு செயலி கேமராவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், வெட்கப்படவும் தேவையில்லை. வெளிச்சம் குறைந்த அறையில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளி வாங்கும், 30 படம் 15 ஆகும். அதற்கு மருந்து முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறவர்களுக்கு எந்தக் கேமராவாலும் உதவ முடியாது.

உண்மையாகவே செத்துப்போன கேமராவும் உண்டு, அதற்கு அடையாளமும் உண்டு. லேப்டாப்பில் பதித்த கேமராவும் உள்ளுக்குள் ஒரு யூ.எஸ்.பி. சாதனம்தான். அதன் வயர் திரையின் உச்சியிலிருந்து ஓரமாக இறங்கி, மூடி மடங்கும் கீல் வழியே உள்ளே போகிறது. நாளுக்குப் பல முறை திறந்து மூடினால், சில வருஷத்தில் அந்த மடிப்பில் ஒரு இழை அறுந்துவிடும். கேமராவைத் தனியாகத் திறந்து வைத்துக்கொண்டு மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து, இன்னொரு கோணத்தில் போனால், இனி எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. அந்த வயரைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். கேமராவையோ திரையையோ மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், மூடியைச் சாய்த்துக் காட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள்.